நம்பர் இல்லாத வயர்

இயேசு மரி சூசை துணை

ஹல்துமுல்லை,
12.08.2003

பாசமுள்ள மச்சான் சவரிமுத்து அவர்களுக்கு அத்தான் சிங்கராயர் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் அக்கா றோசாலியும் சுகம், ஆடுகளும் சுகம். அங்கும் அப்படியே இருக்க மாதாவை மன்றாடுகிறோம். மகன் ஜூட்டின் வேலைக்குத்தான் சுகமில்லை. பதுளைக் கம்பெனியில் அவனைச் சேர்த்துவிட்டது நீங்கள் என்பதால் உங்களிடமே கொட்டுகிறேன்.

நம்ம தேயிலைத் தோட்டத்து ஆபீசையும் பதுளைக் கம்பெனியையும் ஒரே டெலிபோன் வயரால் சேர்க்கும் வேலையை அவனிடம் கொடுத்தார்கள். வயரின் இரண்டு முனையிலும் ரவுட்டர் என்று ஒரு பெட்டி. வந்த செய்தியின் விலாசத்தைப் பார்த்து உரிய இடத்துக்கு அனுப்புமாம். தோட்டத்துத் தபால் பையைச் சுமந்து காலமெல்லாம் நான் பார்த்த வேலைதான். அங்கே விலாசம் என்பது ஒரு நம்பர். ஆபீஸ் பக்கத்துக்கெல்லாம் நம்பர் கொடுத்தவன் அந்த நீள வயருக்கு மட்டும் கொடுக்கவில்லை. ஏன்டா என்றேன். "அதுக்குத் தனியா எதுக்குப்பா? ரெண்டே முனை, இங்க போட்டா அங்கதான் போய் விழும். ஆபீஸ் நம்பரையே கடன் வாங்கிக்கும்" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை மச்சான். தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை அறையில் பிறந்தவன் நான், எனக்கு வந்த ஒவ்வொரு கடிதமும் ஆபீஸ் விலாசத்தில்தானே வந்தது? டவுனில் வீடு கட்டி வாசலில் 47ஏ என்று பெயின்ட் அடித்த அன்று நான் அழுததைப் பார்த்தீர்கள். என் மகன் ஒரு வயரை விலாசமில்லாமல் விடலாமா?

வயர் திறப்பு விழா அன்று ஆபீசில் மாதா படத்துக்குக் கலர் பல்பு போட, பிளக் சொருக இடம் கிடைக்கலை. ஆபீஸ் கம்ப்யூட்டர்களைச் சேர்க்கிற சின்னப் பெட்டியின் பிளக்கை நான்தான் கழற்றினேன், ஒரு பிளக்தானே என்று. மாதா ஜொலித்தாள், வயர் செத்துப் போச்சு. தோட்டத்து மேனேஜர் துரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கொட்டாவி விடுறாரு. வயர் அறுந்துருச்சுன்னு நினைச்சு கம்பெனியில ஜூட்டுக்கு மேலதிகாரி ஆரூரன் ஐயா பதுளையில இருந்து வழியெல்லாம் டெலிபோன் போஸ்ட் போஸ்டாப் பார்த்துக்கிட்டு வேன்ல வந்தாரு. பிளக்கைக் கண்டாரு. எனக்கு ஒரு வார்த்தை இல்லை, திட்டெல்லாம் ஜூட்டுக்குத்தான். "ஒஃபிஸ் படுத்தா அதின்ர நம்பரை வாங்கின வயரும் படுக்கும் எண்டு தெரியாதே?" என்றார். எனக்கு அது உடனே விளங்கிச்சு மச்சான். ஸ்ட்ரைக்ல ஆபீசைப் பூட்டினப்போ லயத்துக்கு ஒரு கடிதாசி வந்துச்சா? நம்பர் குடுன்னு அன்னைக்கே சொன்னேங்கய்யான்னு நடுவுல புகுந்தேன். ஜூட் என்னைப் பார்த்த பார்வை இருக்கே.

இப்போ ரவுட்டர் பெட்டிக்குள்ளேயே, எந்தப் பிளக்கையும் நம்பாத ஒரு நம்பர் வைச்சு, வயருக்கு அதைக் கடன் குடுத்திருக்கான். அப்பவும் கடன்தான்! வேலையை நிரந்தரமாக்குற கடிதம் போன வாரமே வரணும், வரலை. பையன் சரியாச் சாப்பிடுறதில்லை. எனக்குப் பயமா இருக்கு. நீங்கள் ஆரூரன் ஐயாவைக் கண்டு, பிழை அப்பன் மேல்தான் என்று சொல்லுங்கள். அப்படியே வயருக்குச் சொந்த நம்பர் ஒன்று போடச் சொல்லியும் உத்தரவு வாங்குங்கள்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர். மாதா உங்கள் வீட்டை விட்டு விலகாமல் இருப்பாளாக.

அன்பு அத்தான்,
சிங்கராயர்
47ஏ, ஹல்துமுல்லை

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது தோட்டத்துத் தபால்கார வீரய்யா கம்பெனிக் கடிதத்தோடு வந்தான். ஜூட் நிரந்தரம்! கம்பெனி போன வாரமே 47ஏ-க்கு அனுப்பியிருக்கிறது. அப்படி ஒரு வீடு இல்லையென்று டவுன் தபால்காரர் திருப்பிவிட்டாராம். ஆரூரன் ஐயாதான் தோட்டத்து ஆபீஸ் விலாசத்துக்கு மறுபடி அனுப்பியிருக்கிறார். ஆகவே ஐயாவிடம் ஒன்றும் பேச வேண்டாம், வயர் இருக்கிறபடியே இருக்கட்டும். நீங்களும் பதிலை ஆபீசுக்கே போடுங்கள்.