மாட்டின் வலது பக்கம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் நாகேந்திரன் அவர்களுக்கு, ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து தங்கள் தங்கை புருஷன் கலியமூர்த்தி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் பார்வதமும் எழிலும் நலம், அங்கு தாங்களும் ரேவதி அக்காவும் நலமா என்று கேட்பது முறை என்பதால் கேட்டுவிட்டேன். உண்மையில் இங்கு யாரும் நலமில்லை. வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். ஆனால் எதை அனுப்பினாலும் தாங்கள் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள். போன மாதம் என் சித்தப்பா செத்த சேதிக்கும் அதைத்தான் போட்டீர்கள். ஆகவே தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். எழில் கால்நடை மருத்துவம் சேர்ந்தபோது, "பொம்பளப் புள்ளைக்கு மாட்டு டாக்டர் படிப்பு எதுக்கு மாப்ள, எங்க காலேஜ்ல பி.காம். சேத்துவுடுங்க, ஆபீஸ்ல நான் இருக்கேன்ல" என்று தாங்கள் சொன்னீர்கள். நான் எகிறினேன். ஆறாம் வகுப்பிலேயே பக்கத்து பிளாக் கோழிக்கு ஐஸ் குச்சி வைத்துக் கால் கட்டியவள் அவள், அந்தக் கோழி அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஓடியது, அவளுக்கு இதைத் தவிர வேறு படிப்பே கிடையாது என்று தங்கள் வீட்டுக் கூடத்திலேயே கத்திவிட்டு, போட்ட இலையைப் பார்க்காமல் ரயில் ஏறினேன். அந்தக் கத்தலை இப்போது வாபஸ் வாங்கவே இந்தக் கடிதம்.

உடற்கூறு பாடத்தில் முதல் தேர்வில் நாற்பதுக்கு ஒன்பது வாங்கினாள், மச்சான். பாடம் புரிகிறது, பேர்தான் நிற்க மாட்டேன் என்கிறது. தலைப் பக்கம் கிரேனியலாம், வால் பக்கம் காடலாம், முதுகுப் பக்கம் டார்சலாம், வயிற்றுப் பக்கம் வென்ட்ரலாம். மாட்டுக்கு வயிறு ஒன்றுக்கு நாலு அறை, நாலுக்கும் நாலு பேர். "எல்லாம் லத்தீன்ப்பா, ராத்திரி படிச்சா காலைல காணோம்" என்று புத்தகத்தின் மேலேயே அழுதாள். பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று பார்வதம் சொன்னாள். எரிவது அதில் எந்த அறை என்று கேட்டேன். ஒரு நாள் எனக்குக் காபி கிடையாது.

இருபத்தாறு வருஷமாக டாங்கித் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் இருக்கிறேன். ஆயிரக்கணக்கான உதிரிபாகங்கள், ஒன்றின் பேராவது வாயில் நுழையுமா? நாங்கள் எப்படிச் சமாளிக்கிறோம்? சின்ன சாமானுக்கு டேக் கட்டுவோம், பெரிய சாமான் மேல் பெயிண்டால் எழுதிவிடுவோம். அவ்வளவுதான் சூட்சுமம். முதலில் வீட்டில் ஆரம்பித்தேன். எலும்பு இருக்கிற பெரிய ஜீவன் வீட்டில் தங்கள் தங்கைதான் என்பதால், அவள் முதுகில் தோள்பட்டைக்கு நேரே 'ஸ்காபுலா' என்று எழுதிய அட்டையைச் சேலையில் குத்தி, எழிலைப் பத்து தடவை சொல்லச் சொன்னேன். அவளுக்கு அன்றைக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அட்டையை எடுக்கத்தான் மறந்துவிட்டோம். பார்வதம் அப்படியே எதிர்வீட்டு சபீனாவின் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டாள். அங்கே நாலு பேர் அது புதுச் சேலை ரகம் என்று நினைத்து, எந்தக் கடையில் வாங்கினாள் என்று விசாரித்திருக்கிறார்கள். ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை.

பிறகுதான் மாட்டுக்கு வந்தேன். பட்டாபிராமில் வேம்புலி என்று பழைய விவசாயக் குடும்பத்துக்காரர் இருக்கிறார். நிலமெல்லாம் வீட்டுமனை ஆகிவிட்டது, மிச்சம் ரோசா என்கிற வெள்ளைப் பசு. நாங்கள் பால் வாங்குவது அங்கேதான். மாட்டுப் பொங்கலுக்குக் காவியில் பொட்டு வைப்பதில்லையா, அதே காவியைக் குழைத்து எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். எழில் இடம் காட்டக் காட்ட, நான் ஸ்டோர்ஸ் எழுத்தில் ரோசா மேல் பேர் எழுதினேன். எழுதி முடிக்கும்போது வேம்புலி வந்துவிட்டார்.

"இன்னா சார் இது! எலக்சன் டைம்ல செவுத்துல எய்தறானுங்கோ, சரி. நீ இன்னாத்துக்கு என் மாட்டு மேல எய்திகினு கீற?"

அவர் சம்சாரம் துலுக்கானம் அதற்கு மேல். "இத்த ரோட்ல ஓட்டிகினு போனா ஊரே நின்னு படிக்கும், கண்ணு பட்டு பாலு நின்னுபூடும்" என்று கற்பூரம் ஏற்றி மாட்டைச் சுற்றினார். படிப்புக்காக என்று எழில் கையெடுத்துக் கும்பிட்ட பிறகு, "கொயந்த படிப்புக்குன்னா சரி" என்று விட்டார்கள். தினமும் காலேஜ் விட்டு வந்து ரோசாவைப் பார்த்துப் படித்தாள். பத்தே நாளில் கடகடவென்று சொன்னாள், மச்சான். எனக்கே பாதி வந்துவிட்டது. ஆவடி ஸ்டேஷனில் ஒருவரிடம், காடல் பக்கம் கூட்டம் கம்மி, அங்கே ஏறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இங்கேதான் நான் குடி கெடுத்தேன். ரோசாவைச் சுவர் ஓரமாகக் கட்டுவார்கள். வலது பக்கம் சுவர். அந்தப் பக்கம் போனால் உதைக்கும். "அப்பா, மாட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு இல்ல" என்று எழில் சொன்னாள். நான் கேட்டேனா? டாங்கியில் இடது சக்கரம் எதுவோ அதுவேதான் வலது சக்கரமும், ஒரு பக்கத்தை முடி, மறுபக்கம் தானாக வரும் என்று அடித்துச் சொன்னேன். போன திங்கள்கிழமை வாய்மொழித் தேர்வு. காலேஜ் மாட்டை வலது பக்கம் காட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பெரிய இரைப்பை இடது பக்கமாம், வலது பக்கம் கல்லீரலும் குடலும் வேறு ஏதேதோவுமாம். இவள் முழித்து நின்றுவிட்டு, "சார், மாட்டைத் திருப்பி நிறுத்தலாமா?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. அடுத்த புதன்கிழமை மறுதேர்வுக்கு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

வந்தவள் புத்தகத்தையெல்லாம் கட்டிப் பரண் மேல் போட்டுவிட்டாள். "எனக்கு இது வராதுப்பா. மாமா சொன்ன எடத்துக்கே போறேன்" என்றாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, மச்சான். அவள் ஆசையை என் வறட்டு ஜம்பத்தால் நானே கெடுத்துவிட்டேன். ஆகவே மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கேட்கிறேன், வருகிற ஜூனில் அந்த பி.காம். இடத்தைத் தாங்கள்தான் பார்த்துத் தரவேண்டும். விண்ணப்பம் வாங்கி அனுப்புங்கள். அன்று சாப்பிடாமல் போனதற்கும் மன்னியுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் முட்டிவலி சீக்கிரம் சரியாக எங்கள் பேட்டைப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறேன். அது பாட்டெல்லாவில் வருகிற வலியாம், எழில்தான் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாப்பிள்ளை,
கலியமூர்த்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வேம்புலி ஓடிவந்தார். கல்யாண மண்டபத்தில் கொட்டிய சோற்றைத் தின்று ரோசா வயிறு ஊதிப்போய், மூச்சுவிட முடியாமல் நிற்கிறதாம். எழில் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். மாட்டைத் தட்டிப் பார்த்தாள், டமடம என்றது. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டு, எந்தப் பக்கம், எந்தக் குழி, எவ்வளவு உப்பல், அசை போடுகிறதா, மூச்சு எப்படி என்று அவர்கள் பாஷையிலேயே ஒரு மூச்சில் சொன்னாள். ஒரு பேர் தப்பவில்லை. அவர் வேண்டிய சாமானோடு இருபது நிமிஷத்தில் வந்து, இடது பக்கம் பெரிய இரைப்பையின் பேரை நான் காவியில் எழுதியிருந்த அந்த எழுத்தின் மேலேயே ஊசியை இறக்கினார். புஸ்ஸென்று காற்று போய், ரோசா பெருமூச்சு விட்டது. "போன்ல பேசின டாக்டர் எங்கே?" என்று அவர் கேட்டார். வேம்புலி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழிலைக் காட்டி, "இதான் சார், எங்க டாக்டரம்மா" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. விண்ணப்பம் வாங்க வேண்டாம். சாப்பிடாமல் போனதற்கான மன்னிப்பு மட்டும் நிற்கட்டும். ரோசா தேற ரெண்டு நாள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், புதன்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. பரணிலிருந்து புத்தகம் இறங்கிவிட்டது. துலுக்கானம் தன் கையாலேயே காவி குழைத்து வைத்திருக்கிறார். மாட்டைத் திருப்பிக் கட்டியாகிவிட்டது.