சீக்கிரம் ஆறிய வெந்நீர்

மாணவர்களில் முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு, பெஞ்சுப் பக்கமே வராதவன் என்று மூன்று வகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாலாவதாக ஒரு வகை இந்த இரண்டாயிரத்துச் சொச்ச வருஷங்களில் புதிதாக முளைத்திருக்கிறது. இந்த வகைக்குப் பெஞ்சே கிடையாது. கல்லூரி கடல் கடந்து எங்கேயோ இருக்க, இவர் மட்டாஞ்சேரியில் இடுப்பில் ஒற்றை முண்டு கட்டிக்கொண்டு, படுக்கையறை மூலையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, உலக மக்களின் ஆரோக்கியத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார். மழை பெய்து டெலிபோன் லைன் நனைந்தால் கவலை அறுந்துவிடும். லைன்மேன் வந்து சரிசெய்ததும் மறுபடி தொடரும். இவர்தான் இணையவழிப் பொது சுகாதார முதுகலை மாணவர். வயது நாற்பதுக்கு மேல், லேசாகத் தொப்பை, வாயில் சதா இங்கிலீஷ். நேரில் பார்க்க ஆசைப்பட்டால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நான் இருக்கிறேன்.

பஜாரில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் மூட்டைகளுக்குத் தரச் சான்றிதழ் டைப் அடிக்கிற ஒருவனுக்குப் பொது சுகாதாரம் எதற்கு என்று கேட்பீர்கள். என் மனைவி சுபாஷிணியும் அதைத்தான் கேட்டாள். மிளகின் ஆரோக்கியத்தைப் பார்த்தது போதும், மனிதர்களின் ஆரோக்கியத்தைப் பார்க்கப்போகிறேன் என்றேன். அவள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் சௌகரியம்.

இந்த வகைக்குப் படிப்பு தொடங்கும் முன்பே பட்டம் தொடங்கிவிடும். சேர்ந்த மாதமே நான் வாசலுக்குப் பெயர்ப் பலகை எழுதச் சொன்னேன். எழுத வந்த சஜி நேர்மையான பெயிண்டர்.

"சாரு படிச்சு முடிச்சாச்சா?"

"நடந்துண்டிருக்கு."

"அப்போ அதும் எழுதணும் சாரே. இல்லேங்கில் பொய்யாயிப்போகும்."

ஆக, கோவிந்த், எம்.பி.ஹெச். என்று பெரிதாகவும், அதன் கீழே அடைப்புக்குறிக்குள் 'நடைபெறுகிறது' என்று சின்னதாகவும் பலகை ஏறியது. கலியாண மண்டப வாசலில் வைக்கிற போர்டு மாதிரி இருக்கிறது என்றாள் சுபாஷிணி.

கலியாண மண்டபம் என்றதும் நினைவு வருகிறது. இந்த வகையைக் கலியாண வீடுகளில் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். திருப்பூணித்துறையில் ஒரு கலியாணத்தில் லக்ஷ்மிநாராயணன் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ டாக்டருக்குப் படிக்கிறாயாமே, இந்த முட்டி வலியை என்னவென்று பாரேன் என்றார். "மாமா, என் படிப்பு உங்க முட்டியைப் பத்தினதில்லை, பத்தாயிரம் முட்டியைப் பத்தினது" என்று விளக்கினேன். மாமா சற்று யோசித்தார். "அந்தப் பத்தாயிரத்துல இது ஒண்ணு இல்லையாடா?" என்று கேட்டுவிட்டுப் பாயசத்துக்குப் போய்விட்டார். நியாயமான கேள்வி. பாடத்தில் பதில் இல்லை.

வகுப்பு கிடையாதே, பிறகு எப்படிப் படிப்பது? விவாதப் பலகை என்று ஒன்று உண்டு. வாரம் ஒரு கருத்து எழுத வேண்டும், அதோடு சக மாணவர்கள் இருவருடைய கருத்துக்குப் பதிலும் எழுத வேண்டும். அவர்களில் ஒருவர் கென்யாவில் இருப்பார், ஒருவர் பெருவில் இருப்பார். யாரும் யாரையும் மறுப்பதில்லை. 'மிக ஆழமான பார்வை, இதோடு நான் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்' என்று ஆரம்பித்து, அவர் சொன்னதையே வேறு வார்த்தைகளில் சொல்லி முடித்தால் மதிப்பெண். இரண்டு வருஷம் இப்படிப் பழகியவன் வீட்டில் எப்படிப் பேசுவான்? மிக்ஸி ஓடவில்லை என்று சுபாஷிணி சொன்னால், "முக்கியமான விஷயத்தைத் தொட்டிருக்கே. இதோடு நான் ஒண்ணு சேர்க்க விரும்பறேன்" என்பேன். சேர்க்க என்னிடம் ஒன்றும் இருக்காது. மிக்ஸியை அவளே தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போவாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கடைசிப் பாடம் வரும்வரை. நீ வசிக்கும் இடத்தில் ஆரோக்கியத்துக்குக் கேடான ஒரு பழக்கத்தைக் கண்டுபிடி, அதை மாற்ற வழி சொல், கட்டுரை அனுப்பு. அவ்வளவுதான். நான் இரண்டு தடவை அவகாசம் வாங்கிவிட்டேன். மூன்றாவது தடவை பேராசிரியை கொடுத்தார், கூடவே மிக மரியாதையாக ஒரு வரியும் எழுதினார்: இதுவே கடைசி, தவறினால் பெயர் நீக்கப்படும். நான் வாசலுக்குப் போய்ப் பலகையைப் பார்த்தேன். எம்.பி.ஹெச்.சை அழித்தால் என் பெயர் மட்டும் நிற்கும். அதை யார் வாசிப்பார்கள்? தெரு முழுக்க என்னவென்று கேட்கும். திருப்பூணித்துறைக்கும் செய்தி போய்விடும். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குடிதண்ணீரை எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்துக் குழாய்த் தண்ணீரைப் பற்றி யாரும் கவிதை எழுதியதில்லை. கொதிக்க வைக்காமல் குடிப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள், பிடித்துவிடலாம் என்று கேள்வித்தாளும் கையுமாகத் தெருவில் இறங்கினேன். முதலில் போனது முனியாயி வீட்டுக்கு. அவள் புருஷன் பாலையா முனிசிபாலிட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"தண்ணி கொதிக்க வெச்சுத்தான் குடிப்பீங்களா?"

"பின்னே? ஜீரகம் போட்டு நல்லாத் தெளப்பிச்சுத்தான் குடிப்போம் சாரே."

அடுத்த வீட்டில் பதிமுகம் என்கிற மரப்பட்டையைப் போட்டுச் சிவக்கச் சிவக்கக் கொதிக்க வைத்தார்கள். அதற்கடுத்த வீட்டில் சுக்கு. யூதத் தெருவான ஜூ டவுன் வரைக்கும் நடந்தேன். ஒரு வீட்டில்கூடப் பச்சைத் தண்ணீர் குடிப்பவர் இல்லை. ஊர் இவ்வளவு ஒழுங்காக இருந்தால் ஒரு பொது சுகாதார மாணவன் எப்படிப் பிழைப்பது? ஜனங்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று கேட்டு வயிறெரிந்த ஒரே சுகாதார ஆர்வலன் நானாகத்தான் இருப்பேன். திரும்பி வரும்போது என் முகத்தைப் பார்த்த முனியாயிக்கு மனசு கேட்கவில்லை.

"சாருக்கு ஒரு உபகாரம்னா, எங்க வீட்ல தெளப்பிக்கல்லேன்னு எழுதிக்கோ. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

எழுதியிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், பேனாவைத் திறந்தும்விட்டேன். ஆனால் உடம்பு முடியவில்லை. ஒரு வாரமாகவே சோறு பிடிக்கவில்லை, அசதி, லேசாகக் காய்ச்சல். கவலையால் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் சுபாஷிணி என்னை ஜன்னலோரம் இழுத்து நிறுத்தி இமையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கண்ணு மஞ்சளா இருக்கே. இது கவலை இல்லை, காமாலை."

ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. கட்டிலில் விழுந்தேன். உப்பில்லாத கஞ்சி. இரண்டு நாளில் சுகாதார நர்ஸ் மஞ்சுஷா ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வாசல் பலகையை அவள் நின்று வாசித்தது எனக்குக் கட்டிலிலிருந்தே தெரிந்தது.

"சார் இதுதானே படிக்கிறது? அப்போ நான் சோதிக்கிறது சரியில்ல. ஆனாலும் கேக்கணுமே. வெள்ளம் தெளப்பிச்சுத்தானே குடிக்கிறது?"

"சந்தேகமே வேண்டாம். நூறு சதவீதம்."

சமையலறையிலிருந்து சுபாஷிணியின் குரல் வந்தது.

"கொதிக்க வெக்கறது வாஸ்தவம். பச்சை ஜலம் கலக்கறதையும் சொல்லிடுங்கோ."

"கலக்கறயா? எதுல?"

"உங்க வெந்நீர்லதான்."

"எதுக்காக?"

அவள் கரண்டியோடு அறை வாசலுக்கு வந்தாள். "எதுக்காகவா? கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துண்டு, குடிக்கத் தூத்தம்னு ஒரு சத்தம் போடுவேள். மறு நிமிஷம் கையில இருக்கணும். சூடாக் கொடுத்தா நாக்கு சுட்டுடுத்துன்னு அதுக்கொரு சத்தம். அடுப்புலேந்து எறக்கின வெள்ளம் உங்க அவசரத்துக்கு ஆறுமா? பாதி சூடு, பாதி பச்சை. இத்தனை நாளா அதைத்தான் குடிச்சிண்டிருக்கேள்."

"நீ?"

"எனக்கு என்ன அவசரம்? ராத்திரியே கொதிக்க வெச்சு மூடினதைக் கார்த்தால எடுத்துக் குடிக்கறேன்."

மஞ்சுஷா தலையைக் குனிந்து ரெஜிஸ்டரில் ஏதோ எழுதினாள். தோள் குலுங்கியதைப் பார்த்தால் அழுகை மாதிரித் தெரியவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் எவ்வளவு நேரம் நின்றது என்கிறீர்கள்? மஞ்சுஷா படியிறங்குவதற்குள் அது மறைந்து, கஞ்சி குடித்த உடம்பில் ஒரு சந்தோஷம் புகுந்தது. பழக்கம் கிடைத்துவிட்டது. தேடித் தெருவெல்லாம் அலைந்தது என் தம்ளரிலேயே இருந்திருக்கிறது. கொச்சியில் காமாலை வந்து மகிழ்ந்தவன் என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

சுபாஷிணியைத் தெருவில் விசாரித்து வரச் சொன்னேன். கொதிக்க வைத்த தண்ணீரை எப்படி ஆற வைக்கிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி. போனவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். வீட்டுக்கு வீடு கலக்கிறார்கள். விருந்தாளிக்குக் கலக்கிறார்கள், பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுக்குக் கலக்கிறார்கள், முக்கியமாகப் புருஷன்மார்களுக்குக் கலக்கிறார்கள். பதிமுகம் போட்டுச் சிவந்த தண்ணீரில் பச்சைத் தண்ணீரைச் சேர்த்தாலும் நிறம் காட்டிக்கொடுப்பதில்லை. முனியாயி வருத்தப்பட்டாளாம்: "இதைச் சாரு என்னண்ட கேக்கவே இல்லையே."

தலையணையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கெடுவுக்குள் கட்டுரையை முடித்தேன். விவாதப் பலகையில் என் நோயை அறிவித்ததும் கென்யாக்காரர் 'பொறாமைப்பட வைக்கும் வாய்ப்பு' என்று எழுதினார். கட்டுரையில் நான் என் பெயரைப் போடவில்லை. 'மட்டாஞ்சேரியில் ஒரு வீடு, குடும்பத் தலைவர் மெத்தப் படித்தவர்' என்று நாசூக்காக எழுதினேன். அவர் வீட்டுப் பெண்களுக்குச் சுகாதார வகுப்புகள் நடத்தினால் நிலைமை சீராகும் என்று வழியும் சொன்னேன். எப்படி என் யோசனை?

கட்டுரை தேறிவிட்டது. ஓரத்தில் பேராசிரியையின் குறிப்பு ஒன்று இருந்தது: 'நல்ல ஆய்வு. ஆனால் பெண்களுக்கு எதற்கு வகுப்பு? உங்கள் விவரங்களின்படி இந்த வீட்டில் நோய்க்கு முக்கியக் காரணம் அந்தக் குடும்பத் தலைவர்தான். அவரை மாற்ற முடியுமா என்று யோசித்தீர்களா?'

சுபாஷிணிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். இரண்டு வருஷப் படிப்பில் அவளுக்குப் பிடித்த பகுதி அது ஒன்றுதான்.

"அந்த அம்மாவுக்கு என்ன பதில் எழுதப் போறேள்?"

ஆழமாக யோசிக்க வேண்டிய கேள்வி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். விரல்கள் தயாராகின. தொண்டை வறண்டிருந்தது.

"சுபா, தூத்தம்."

வந்தது. ஆவி பறந்தது. "ஊதிக் குடிங்கோ" என்று வைத்துவிட்டுப் போனாள். சஜி வந்து 'நடைபெறுகிறது' என்பதை அழித்துவிட்டுப் போய்விட்டான். ஆனால் என்னை மாற்றும் வேலை அவள் கையில் இன்னும் நடைபெறுகிறது.

இதெல்லாம் யாரோ ஒரு மட்டாஞ்சேரிக்காரனின் கதை என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நீங்கள் இணையத்தில் படிக்கவில்லை, பலகை எழுதவில்லை, சரி. ஆனால் இதைப் படிக்க உட்காரும்போது உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுத்தீர்கள் அல்லவா? உடனே வந்துவிட்டது அல்லவா, நாக்குக்கு இதமாக? அது அதற்குள் எப்படி ஆறியது என்று கேட்டீர்களா?