டெக்சாஸைச் சுற்றிப் பார்க்கணுமாம்

லஃப்கின்,
மார்ச் மாதம், ஞாயிறு மதியம்

அன்புள்ள தங்கை ஓப்பலுக்கு,

அண்ணன் வெர்னல் ஆசீர்வாதம். லப்பக்கில் நீயும் மாப்பிள்ளை ஹார்லனும் புழுதிக் காற்றுக்குத் தப்பிச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதில்தான் எனக்குச் சந்தேகம். நான் சாகப்போகிறேனா இல்லையா என்று நீ உண்மையைச் சொல்ல வேண்டும். உன் அண்ணி உன்னிடம் எதையும் மறைக்க மாட்டாள்.

ஹூஸ்டன் வரை போவதற்கே ஒரு வாரம் முனகுகிற உன் அண்ணி நடீன், திடீரென்று மாநிலத்தையே சுற்றிப் பார்க்க வேண்டும் என்கிறாள். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, மூலைக்கு மூலை உப்பு டப்பாவும் மிளகு டப்பாவும் வைத்திருக்கிறாள். கால்வெஸ்டன் கடலாம், அங்கிருந்து மலைப்பக்கம் நீலப்பூவாம், பிக் பெண்ட் பாலைவனமாம், பிறகு வடக்கே ஏறி உன் வீடாம். "நாள் முழுக்க ஓட்டினாலும் டெக்சாஸ் முடியாதேடி, எதுக்கு இந்த வேலை?" என்றேன். "முடியாட்டி நல்லதுதானே" என்கிறாள். வீட்டை விற்கத் திட்டமோ என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் ஜனவரியில் இருவரும் பரிசோதனைக்குப் போனது நினைவுக்கு வந்தது. டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தவள் என் கையைப் பிடித்து, "உனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு அன்பாக அவள் எதையும் சொன்னதில்லை. அன்றிலிருந்து புகையில் வாட்டிய மாட்டுக்கறியை நான் எத்தனை துண்டு தின்றாலும் தடுப்பதில்லை. போன வாரம் பாதிரியார் அவள் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. விதவையாகப் போகிறவளுக்கு முன்கூட்டியே ஆறுதல் போலிருக்கிறது.

நேற்று பக்கத்து வீட்டு ஃபே கோழியும் சீஸும் போட்டுச் சுட்ட பண்டம் நிறைந்த பாத்திரத்தோடு வந்து நின்றாள். அடியில், பாத்திரம் திரும்பி வருவதற்காக அவள் பேர் எழுதி ஒட்டிய காகித நாடா. நம் ஊரில் அந்த நாடா சாவு வீட்டுக்குத்தான் வரும் என்று உனக்குத் தெரியாதா?

"யாரு செத்தா?" என்றேன்.

"யாரும் சாகல வெர்னல். சும்மாதான் செஞ்சேன்."

"சும்மா செஞ்சா ஏன் பேர் ஒட்டுன?"

அவள் என்னைத் தாண்டி, நடீன் இருந்த சமையலறையைப் பார்த்தாள். சாகப்போகிறவன் முகத்தைப் பார்க்கக் கூச்சம்.

ஆகவே ஓப்பல், எனக்கு ஏதாவது ஆனால் என் மீன்பிடி படகு ஹார்லனுக்கு. மருமகன் டுவைட்டுக்குக் கூடாது, அவனுக்கு முடிச்சுப் போடத் தெரியாது. பயணத்துக்கு நான் வர மாட்டேன் என்று நீயே உன் அண்ணியிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. சாவதென்றால் சொந்த நாற்காலியில் சாகிறேன். ஹார்லனைக் கேட்டதாகச் சொல். கர்த்தர் உங்களைக் காப்பாராக.

உன் அண்ணன்,
வெர்னல்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நடீன் படித்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லூசு மனுஷா, உனக்கு உடம்பு கல்லு மாதிரி இருக்கு. அந்தப் பாத்திரம் எனக்கு வந்தது" என்றாள். ஏப்ரல் கடைசியில் அவளுக்கு அறுவை சிகிச்சை. டாக்டரால் உறுதி சொல்ல முடியவில்லையாம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு, ஓப்பல். நாங்கள் வருகிறோம். எல் பாசோவையும் சேர்த்துக்கொண்டேன், அது வழியில் இல்லை என்று தெரிந்தும். ஃபேயின் பாத்திரத்தைக் காலி செய்து, கழுவி, கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்த வீட்டில் இதற்கு வேலை இல்லை என்று சொன்னேன்.