பொதுமக்களில் ஒருவர் எழுதிக்கொள்வது

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அக்காவின் கணவர் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். உங்கள் அக்காவும் நலமாகத்தான் இருக்கவேண்டும். கேட்டால் பதில் வருவதில்லை என்பதால் அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தத்தை வைத்து ஊகித்து எழுதுகிறேன். தாங்களும், தங்கள் சலூனும், அதிலுள்ள சுழல் நாற்காலிகள் இரண்டும் நலமாக இருக்க விரும்புகிறேன். இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்கு எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். போன் செய்தால் எடுப்பதில்லை. நேரில் வந்தால், காலியாக இருக்கிற நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே "இன்னிக்குக் கூட்டம் அதிகம்" என்கிறீர்கள். ஆகவே இதைக் காலையில் ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். கிழிப்பதற்கு முன் தயவுசெய்து படிக்கவும்.

மச்சான், இந்தத் 'தாங்கள்' எல்லாம் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை, பழையபடி நீ என்றே எழுதுகிறேன். ஊடகத்தைப் பற்றி உன் கடையில் உட்கார்ந்து நான் எவ்வளவு பேசியிருப்பேன்! கண்ணாடிக்கு மேலே டிவியில் செய்தி ஓடும். கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, எழுந்து ஓட வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நான் விளக்கம் சொல்வேன். "அவன் எதைக் காட்டுறான்னு பார்க்காதீங்க சார், எதைக் காட்டலைன்னு பாருங்க. நம்ம மூளையை அவன் கழட்டி வெச்சிருக்கான். நான் பத்திரிகை ஆபீஸ்ல இருந்தவன், உள்ள நடக்கிறது எனக்குத் தெரியும்" என்பேன். அந்த ஆபீஸில் நான் பார்சல் பிரிவில் கட்டுகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன் என்பது உனக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாள்கூட நீ அதை யாரிடமும் சொன்னதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று நான் பல்பு வாங்கத்தான் கிளம்பினேன். உங்கள் கடை வரிசைக்கு எதிரே ஒரு பெண் மைக்கோடு நின்றாள், பக்கத்தில் கேமராக்காரர். "சார், ரோட்டை அகலப்படுத்த இந்தக் கடைகளை இடிக்கலாமா? பொதுமக்கள்ல ஒருத்தரா உங்க கருத்தைச் சொல்லுங்க" என்றாள். மச்சான், என் வீட்டில் பக்கெட் வாங்கினால் என்ன கலரில் வாங்கலாம் என்றுகூட என்னைக் கேட்டதில்லை. உருகிப்போய்விட்டேன். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி, எதிரணியின் வாதத்தை முதலில் அவர்களைவிட நன்றாகச் சொல்லிவிட்டு அப்புறம் தூள்தூளாக்கலாம் என்று ஆரம்பித்தேன். "இடிக்கணும்மா! இன்னிக்கே இடிச்சுத் தள்ளணும்! மனுஷன் நடக்க வழியில்ல!" என்று கையை ஆட்டி, கண்ணை உருட்டி, நடித்தே காட்டினேன். பிறகு குரலைத் தாழ்த்தி, இப்படிப் பேசுகிறவர்கள் அந்தக் கடைக்காரர்கள் எங்கே போவார்கள் என்று யோசித்தார்களா என்று கேட்டு, உன்னைப் பற்றி, உன் இரண்டு பிள்ளைகளின் படிப்பைப் பற்றி, ரொம்ப நேரம் நல்லவிதமாகத்தான் பேசினேன். "சூப்பர் சார்" என்றாள் அந்தப் பெண். கேமராக்காரர் அதற்கு வெகுநேரம் முன்பே கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார். அதை நான் பார்த்தேன். பேசுகிற வேகத்தில் உறைக்கவில்லை.

அதோடு பல்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் என்னைக் காட்டப்போகிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லி, உன் கடைக்கே ஆள் திரட்டிக்கொண்டு வந்தேன். உன் அக்காவை பெஞ்சில் முன்னால் உட்காரவைத்தேன். நீ ஒருவருக்கு ஒரு கன்னத்தை மழித்து முடித்து மறு கன்னத்துக்கு வந்திருந்தாய். சத்தத்தைக் கூட்டச் சொன்னவனும் நான்தான். திரையில் வந்தேன். "இன்னிக்கே இடிச்சுத் தள்ளணும்! மனுஷன் நடக்க வழியில்ல!" கீழே சிவப்புப் பட்டையில் 'பொதுமக்கள் ஆவேசம்'. என் தலைக்குப் பின்னால் உன் கடை போர்டு. அவ்வளவுதான், அடுத்தது வானிலை. உன் கத்தி அந்தரத்தில் நின்றுவிட்டது. பாதி மழித்த மனிதர் மட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்து "நல்லாப் பேசினீங்க சார்" என்றார். நீ கத்தவில்லை. "எந்திரிங்க அத்தான், நாற்காலி வேணும்" என்றாய். நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் சேனல் ஆபீசுக்குப் போய் உண்டு இல்லை என்று ஆக்கிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். பஸ் ஸ்டாப் போவதற்குள் மருந்துக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "டிவியில பார்த்தேன், தைரியமாப் பேசினீங்க!" "ஐயோ, நான் அப்படிச் சொல்லல, வெட்டிட்டாங்க" என்றேன். அடுத்து தையற்கடைக்காரர் கைகொடுத்தார். "நான் சொன்னது முழுசா வரல" என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். வசதியாக உட்கார்ந்துகொண்டு, "யாராவது சொல்லித்தானே ஆகணும்" என்றேன். சேனல் ஆபீஸ் நிறுத்தம் வந்தது. நான் இறங்கவில்லை மச்சான். வீட்டுக்குத் திரும்பி வந்து போனில் அந்த வீடியோத் துண்டைப் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஆள் பேசுவதில் நியாயம் இருக்கிற மாதிரிப் பட்டது. என்ன குரல், என்ன தெளிவு! ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் ரோடும் நிஜமாகவே குறுகித்தான் போயிருந்தது. அப்புறம், குடியிருப்போர் சங்கத்தில் அகலமான சாலையின் நன்மைகளைப் பற்றி நான் ஒரு தடவை பேசியதாக உனக்கு யாரோ சொன்னார்களாமே, அது சுத்தப் பொய். இரண்டு தடவை பேசினேன்.

அந்த இரண்டாவது பேச்சு முடிந்து நான் வீடு திரும்பிய அன்றுதான் உன் அக்கா கடைசியாக என்னிடம் வாயைத் திறந்தாள். "இத்தனை வருஷமா டிவி பொய் சொல்லுதுன்னு நீங்க சொன்னீங்க, கேட்டுக்கிட்டேன். இப்ப டிவி சொல்றதை நீங்க சொல்றீங்க. நான் எதை ஆஃப் பண்றது?" என்றாள். எனக்கு விக்கல் வந்துவிட்டது. தண்ணீர்கூட நானே எடுத்துக் குடித்தேன்.

இந்த வாரம் உன் ஷட்டரில் நகராட்சி இடிப்பு நோட்டீஸ் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். 'பொதுமக்களின் தொடர் கோரிக்கையை ஏற்று' என்று எழுதியிருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக நகராட்சி அலுவலகத்துக்குப் போய், "யாருங்க அந்தப் பொதுமக்கள்? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்" என்று மேஜையைத் தட்டினேன். அதிகாரி தன் போனை என் பக்கம் திருப்பினார். அதில் நான். "இது நான்தான் சார், ஆனா நான் இப்படிச் சொல்லல" என்றேன். அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டிவியில வந்துச்சே" என்றார். மச்சான், மக்கள் கருத்தை எங்கோ பெரிய பெரிய ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு தயாரிக்கிறார்கள் என்று உன் கடையில் சொல்லிக்கொண்டிருந்தேனே! பல்பு வாங்கப் போனவனை வைத்தே வேலையை முடித்துவிட்டார்கள். அதிலும் பாதி வேலையை நானே செய்துகொடுத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு நகராட்சியில் ஆட்சேபம் கேட்கிற கூட்டம் இருக்கிறதல்லவா, நான் வருகிறேன். அந்தப் பொதுமக்கள் நான்தான், நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்கிறேன். இந்தத் தடவை எதிரணி வாதமெல்லாம் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே "இடிக்கக் கூடாது"தான். இனி மைக்கைக் கண்டால் எதிர்த்திசையில் ஓடுவேன், டிவி பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன், இது உன் அக்கா மேல் சத்தியம் (அவளிடம் சொல்லவேண்டாம்). எனக்கு முடி வளர்ந்து காதை மூடிவிட்டது. வேறொரு சலூனுக்குப் போனேன், துணியை என் கழுத்தில் கட்டிக்கொண்டே அந்தக் கடைக்காரர் "நீங்கதானே அந்த இடிச்சுத் தள்ளணும் சார்?" என்றார். துணியோடு எழுந்து வந்துவிட்டேன், அது இங்கேதான் கிடக்கிறது. உன் கையைத் தவிர வேறு யார் கையிலும் தலையைக் கொடுக்க எனக்கு மனசில்லை. உன் கடையும் போய்விட்டால் நான் எங்கே போய் உட்காருவேன்? என் பேச்சை யார் கேட்பார்கள்?

பெரியவளுக்கும் சின்னவனுக்கும் என் ஆசிகள். உன் கத்தி மழுங்காமலும், உன் வாடிக்கையாளர்களுக்கு வழுக்கை விழாமலும், உன் ஷட்டர் என்றைக்கும் ஏறி இறங்கியபடியும் நீ நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
(பொதுமக்களில் ஒருவர் என்ற பதவியிலிருந்து விலகியவர்)

பின்குறிப்பு: மடித்து உறையில் போடும்போது அந்தச் சேனலிலிருந்து போன் வந்தது. திட்டுவதற்காகத்தான் எடுத்தேன். 'ஊடகங்கள் இன்றும் மக்கள் கருத்தை ஆட்டிவைக்கின்றனவா?' என்று நேரலை விவாதமாம். ஆமாம் என்று பேச ஆள் நிறையச் சேர்ந்துவிட்டார்களாம்; இல்லவே இல்லை என்று பேச அனுபவப்பட்ட பொதுமக்களில் ஒருவர் வேண்டுமாம். வாசலுக்கே கார் அனுப்புகிறார்களாம். யோசித்துப் பார்த்தேன். கூட்டத்தில் சொன்னால் அந்த அதிகாரி ஒருத்தர் கேட்பார், அங்கே சொன்னால் ஊரே கேட்கும், உன் கடை விஷயத்தையும் நடுவில் நுழைத்துவிடலாம். விவாதம் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு. ஞாயிறு மாலை கடைக்கு வருகிறேன். முன்பக்கம் கொஞ்சம் குறைத்தால் போதும், பவுடர் அவர்களே போட்டுவிடுகிறார்களாம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அக்கா பின்னால் நின்று படித்துவிட்டாள். பாத்திரம் எதுவும் விழவில்லை. "நீங்க கார்ல போங்க. கூட்டத்துக்கு நான் போறேன். நானும் பொதுமக்கள்தானே" என்றாள். ஆகவே மச்சான், நீ கவலைப்படாதே. அவள் பேச்சை நடுவில் வெட்ட முயன்று தோற்றவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் யாரும் முயன்றதுகூட இல்லை.