எழுபத்திரண்டு அங்குலப் பாதுகாப்பு

எனக்கு நேர்ந்ததைக் கேட்குமுன் நீங்கள் நான்கு செய்திகளை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, நான் தையற்காரன். வீட்டின் முன்னறையே கடை. பள்ளிச் சீருடைகளே என் பிழைப்பு. வளரும் பிள்ளையின் துணியில் ஆண்டுக்கு இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைப்பது, இருபது ஆண்டுகளாக நான் பிசகாமல் காத்துவரும் விதி.

இரண்டாவது, என் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்துவிட்டது. மருத்துவர் இனிப்பைத் தடைசெய்தார். மூன்று மாதத்திற்குள் அளவு இறங்காவிட்டால் நாள்தோறும் ஊசி என்றார். நான் நாளெல்லாம் ஊசியோடு வாழ்பவன்தான். ஆயினும் அது துணிக்குள் இறங்கித்தான் எனக்குப் பழக்கம்.

மூன்றாவது, தடை விதிக்கப்பட்ட அன்று மாலையே ஒரு மிட்டாய் டப்பாவை வாங்கி, உள்ளறை அலமாரியின் உச்சித் தட்டில் ஒளித்தேன். தரையிலிருந்து எழுபத்திரண்டு அங்குலம். மனைவிக்குத் தோள்வலி, கையைத் தலைக்கு மேல் தூக்க மாட்டாள். வீட்டிலிருந்த ஒரே முக்காலியின் மேல் பகலெல்லாம் நான் அமர்ந்திருப்பேன். ஆகவே, எனக்கு ஓர் எதிரிதான் எஞ்சியிருந்தாள்.

அவள் எங்கள் மகள். வயது எட்டு. நான்காவது செய்தி அவள்தான்.

அவள் கை அந்தத் தட்டை எப்போது எட்டும் என்பதை அறியாமல் எனக்கு உறக்கம் வரவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறன்று கதவு நிலையோரம் அவளை நிறுத்தினேன். கையைத் தூக்கச் சொல்லி, குதிகாலை உயர்த்தச் சொல்லி, விரல் நுனியில் தையல் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தேன். அறுபத்து நான்கு. மேலே எழுபத்திரண்டில் இன்னொரு கோடும் கிழித்து, இரண்டின் பக்கத்திலும் எண்ணைத் தெளிவாக எழுதினேன். இடைவெளி எட்டு அங்குலம். ஆண்டுக்கு இரண்டரை என்றாலும் மூன்றாண்டுக்குக் கவலையில்லை!

"அப்பா, என் கூட்டாளியோட அப்பா தலையைத்தான் அளக்கிறாராம். நீங்க ஏன் கையை அளக்கிறீங்க?"

"நான் தையக்காரன்ம்மா. கைதான் முக்கியம்."

"மேல இருக்கிற கோடு யாரோடது?"

"அது... நீ பெரியவளாகித் தொட வேண்டிய உயரம்."

மகளின் எதிர்காலத்தைப் பற்றி இதைவிட உருக்கமாக எந்தத் தகப்பனும் பேசியிருக்க மாட்டான். நானே கண்கலங்கினேன்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியையான என் மனைவி, விடைத்தாள் கட்டுக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்தாள்.

"என்னங்க, நீங்க அளக்கிறது பாதிப் பிள்ளையைத்தான்."

"மீதிப் பாதி எங்கே இருக்கு?"

"அதுக்கு உங்க டேப் பத்தாது."

பொறாமை என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்று மாதங்கள் இன்பமாகக் கழிந்தன. நாளுக்கு நான்கு மிட்டாய். வெள்ளிக்கிழமைதோறும் டப்பாவை நிரப்பினேன். சுவை சற்று மாறியதுபோல் பட்டது. நாக்குக்கும் வயதாகிறது என்று அதை மன்னித்தேன். பரிசோதனை நாள் நெருங்கியது. கனவில்கூட மருத்துவர் நூல் கோத்த ஊசியோடு வந்தார்.

அந்த நாளும் வந்தது. மருத்துவர் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அடேயப்பா! எப்படி இறக்கினீங்க?"

நாற்காலியில் அமர்ந்திருந்ததால் நான் விழவில்லை.

"இறங்கிடுச்சா டாக்டர்?"

"நல்லா இறங்கியிருக்கு. ஊசி வேண்டாம். கட்டுப்பாடுன்னா இதுதான்!"

மனைவி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "ஆமா டாக்டர். ரொம்பக் கட்டுப்பாடு."

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே சிந்தனை. உலகத்திற்கு நஞ்சான சர்க்கரை, என் உடம்புக்கு மருந்து! இவ்வுண்மையைக் கண்டறிந்த முதல் மனிதன் நானே. மருந்தென்றால் அளவை இரட்டிப்பாக்குவதே முறை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு ஓடினேன். ஏறினேன். டப்பாவைத் திறந்து கையை விட்டேன்.

மிட்டாய் இல்லை. மூன்று பற்கள் இருந்தன.

முதலில் என் வாய்க்குள் நாக்கைச் சுழற்றி எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. அதன் பிறகே அலறினேன்.

"அது என்னோடதுப்பா," என்றது கீழிருந்து ஒரு குரல். "பால் பல்லு. நீங்க டாக்டர்கிட்ட போனதும் மிட்டாயை எடுத்துட்டு வச்சேன். கீழே போட்டுடாதீங்க."

"இதை... இங்கே... நீ எப்படி?"

"உங்க கோட்டை வச்சுத்தான். எழுபத்திரண்டு உயரத்துல வீட்ல என்ன இருக்குன்னு டேப்பால அளந்துக்கிட்டே வந்தேன். இந்தத் தட்டு மட்டும்தான் சரியா வந்துச்சு."

"எட்டு அங்குலம் குறையுமே!"

"எழுபத்திரண்டுல அறுபத்து நாலு போனா எட்டு. நீங்கதான் பக்கத்துலயே எழுதி வச்சிருந்தீங்களே. ஒரு வெட்டுத்துணி மூட்டை ஏறி நின்னா அமுங்கி நாலு அங்குலம். அதனால ரெண்டு மூட்டை."

முக்காலி ஆடியது. அல்லது நான்.

"எப்போ?"

"கோடு போட்டீங்களே, அன்னைக்குச் சாயங்காலமே."

வாசற்படியில் மனைவி வந்து நின்றாள். "என்கிட்ட கொண்டுவந்து குடுத்தா. நான் சர்க்கரையில்லாத மிட்டாயா வாங்கினேன். இத்தனை நாளா நீங்க சாப்பிட்டது அதைத்தான்."

"மேல சுத்தியிருந்த தாள் நான் வாங்கினதாச்சே!"

"பிரிச்சுத் திருப்பிச் சுத்தினது இவ. 'என் பொண்ணு கண்ணிமைக்கிற நேரத்துல ஊசி கோர்ப்பா'ன்னு ஊரெல்லாம் பெருமையடிச்சீங்களே, அதே விரல்தான்."

"ஆறு வயசுல பிறந்தநாள் பரிசை முந்தின நாளே உளறினவ! மூணு மாசம் ரகசியம் காப்பாத்தினாளா?"

"அப்போ ஆறு. இப்போ எட்டு," என்றாள் மகள். புதிதாக முளைத்த முன்பற்கள் இரண்டும், முகத்தைவிடப் பெரியனவாய்ச் சிரித்தன.

"அப்போ நான் வாங்கினதெல்லாம்?"

"வாரத்துக்கு ஒண்ணு இவளுக்கு. மீதி என் வகுப்புல. உங்களைப் பிள்ளைங்க 'மிட்டாய் மாமா'ன்னுதான் சொல்றாங்க."

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா எண்பது அங்குலத்துல வேற டப்பா வச்சிருப்பீங்க." அவள் குரல் சற்றே தாழ்ந்தது. "ஊசின்னதும் உங்க முகம் போன போக்கை நாங்க ரெண்டு பேரும் பார்த்தோம்ங்க."

முக்காலியிலிருந்து இறங்கினேன். மகள் கைகொடுத்து இறக்கினாள். அந்தக் கைக்கும் நான் எதிர்பாராத வலு வந்திருந்தது.

பின்னர் முடிவாகியவை வருமாறு:

டப்பா இனிக் கீழ்த்தட்டில் இருக்கும். அது பற்களுக்கு உரியது. நான்காவதும் இப்போது ஆடுகிறது.

ஊசி இல்லை. மிட்டாயும் இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் நான் வாங்கும் மிட்டாய் மட்டும் நிற்காது. மூன்றாம் வகுப்பு எதிர்பார்க்கிறது.

கதவு நிலையோரம் மாதந்தோறும் நிறுத்தி அளக்கப்படுபவன் இனி நான். அளக்கப்படுவது இடுப்பு. எண்ணை மகள் சொல்ல, மனைவி எழுதுவாள்.

வளரும் பிள்ளை அல்லேன் என்பதால், எனக்கு மடிப்பு ஏதும் விடப்படவில்லை.