கிறீஸ் அண்ணையும் தாய்மார் களிம்பும்

பால் கொடுக்கும் தாய்மார் மார்பில் பூசிக்கொள்ளும் களிம்பை சிட்னியில் அதிகமாக வாங்கியது யார் என்று போட்டி வைத்தால், முதல் பரிசு கல்யாணமே ஆகாத ஓர் ஆண்பிள்ளைக்குத்தான் போகும். வென்ட்வேர்த்வில்லில் அவரைக் கிறீஸ் அண்ணை என்பார்கள், கை எப்போதும் கிரீஸும் எண்ணெயுமாக இருப்பதால். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வீட்டுப் பின்புறத்துக் கிரானி ஃப்ளாட்டில்தான் நானும் என் மனைவி மீராவும் குடியிருந்தோம்.

அண்ணைக்குப் பரமட்டாவில் கணக்காளர் வேலை. சுத்த சைவம். வீட்டுக்குள் வந்த கரப்பான்பூச்சியைக்கூட "வெளிய போம்" என்று மரியாதையாக அனுப்பிவைப்பார். அப்பேர்ப்பட்டவருக்குப் பொழுதுபோக்கு, துப்பாக்கி சுடுவது. லைசென்ஸ் உண்டு, பூட்டி வைக்க இரும்புப் பெட்டி உண்டு. சுடுவது கிளப்பில், அதுவும் காகிதத்தை மட்டும்.

தோட்டாவைக் கடையில் வாங்கமாட்டார். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து கராஜில் மறுபடி தோட்டாவாக்குவார். சுட்டதும் கூடு சற்று உப்பிவிடும், கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்த என்னைப் போல. அதை ஓர் எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய இடுப்பளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு முன் அதன் மேல் மெல்லிசாக வழுக்கல் பூச வேண்டும். பூச்சு குறைந்தால் கூடு அச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். கூடினால் கூட்டில் பள்ளம் விழும். அந்த 'மெல்லிசு'க்காகத்தான் அண்ணை உயிர் வாழ்ந்தார்.

ஒருநாள் உதவுகிறேன் என்று போய் உட்கார்ந்தேன். நான் பூசிய முதல் கூட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, தீபாவளிக்கு முழுக வாக்கிறீரோ?"

"கொஞ்சம்தாண்ணே தடவினேன்."

"இது கொஞ்சமோ? இதில வடை சுடலாம். வையும் கீழ. போய் உம்முடைய கம்ப்யூட்டரைப் பாரும்."

சரியான வழுக்கலைத் தேடி அவர் செய்த சோதனைகளை ஏதாவது பல்கலைக்கழகம் செய்திருந்தால் பட்டமே கொடுத்திருக்கும். நல்லெண்ணெய் பூசிய வாரம் கராஜ் முழுக்க இட்லிப்பொடி வாசம். எனக்கு இரண்டு கிலோ ஏறியது. தேங்காய் எண்ணெய் ஜூலைக் குளிரில் கல்லாகிவிட்டது. மீராவின் கூந்தல் தைலத்தையும் விடவில்லை. கூடுகளில் முடி முளைக்கிறதா என்று நான் ரகசியமாகப் பார்த்து வந்தேன்.

கடைசியில் லனோலினில் வந்து நின்றார். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. "ரோமம் வெட்டின பிறகும் ஆடு உயிரோடதானே நிக்குது?" என்று பலரிடம் விசாரித்து, நிம்மதியான பிறகே தொட்டார். அது கலப்படமில்லாமல் கிடைக்கும் இடம், பார்மசியில் தாய்மார் அலமாரி. அங்கே வேலை செய்வது ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்.

"வாவ்! கங்கிராட்ஸ் அங்கிள்! ஆருக்கு, வைஃபுக்கா?"

அண்ணைக்குப் பொய் வராது. "இல்லைப் பிள்ளை. எனக்குத்தான்."

மறுநாளே பக்கத்துத் தெரு அன்ரி ஒருவர் பால்சுறா வறையோடு வந்துவிட்டார். எங்கள் ஊர்ச் சுறாப்புட்டுதான்; பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுப்பது. கராஜ், சமையலறை என்று எல்லா இடத்தையும் கண்ணால் துழாவினார்.

"ஆரை ஒளிச்சு வச்சிருக்கிறீர்? சொல்லும், நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"அன்ரி, இஞ்ச பாருங்கோ. இந்தக் கூடுகள்தான் என்ர பிள்ளையள்."

அன்ரி அந்தப் பித்தளை வரிசையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வறையை வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார். சைவ அண்ணைக்கு அது ஆகாது என்பதால் நான் தின்று தீர்த்தேன். எனக்கு ஒன்றும் சுரக்கவில்லை.

அடுத்த ஈஸ்டருக்குச் சற்று முன் எங்களுக்கு மகள் பிறந்தாள். பெரிய வெள்ளியன்று மீராவுக்கு மார்புக் காம்பு வெடித்து ரத்தம் கசிய, குழந்தை வாய் வைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். நான் களிம்பு வாங்க ஓடினேன். விடுமுறை என்று வென்ட்வேர்த்வில் கடைத்தெரு முழுக்க ஷட்டர். வெறுங்கையோடு, வெட்கத்தோடு திரும்பி வந்தால், கராஜ் வாசலில் அண்ணை.

மறுநாள் அவருக்குக் கிளப்பின் வருடாந்தரப் போட்டி. போன தடவை ஒரே புள்ளியில் கோப்பையை விட்டவர். அதற்காக வருஷம் முழுக்கப் பொறுக்கிச் சேர்த்த கூடுகள் தட்டில் வரிசையாக நின்றன. போட்டிக்கு முந்தின நாள்தான் பூசி அழுத்துவார். அது அவர் வழக்கம். பக்கத்தில் ஒரே ஒரு டியூப். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அதை என் கையில் திணித்தார்.

"இந்தாரும். சீல் உடைக்கேல்லை."

"அண்ணே, அப்ப உங்க போட்டி?"

"கடதாசி அழாது, தம்பி. ஓடும்."

மாலைக்குள் மீரா குழந்தையை அணைத்தபடி அயர்ந்து தூங்கிவிட்டாள். அப்போதுதான் கராஜிலிருந்து "டொங்... டொங்..." என்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். கொடுத்த டியூபிலிருந்து ஒரு துளி திருப்பிக் கேட்க மனமில்லாமல் அவர் தேங்காய் எண்ணெய் பூசிய முதல் கூடே அச்சுக்குள் சிக்கிக்கொண்டு, சுத்தியலுக்கும் அசையவில்லை. இருந்தது அந்த ஓர் அச்சுதான்.

"நாளைக்குக் கடைத் தோட்டா வாங்கிச் சுடலாமே அண்ணே?"

"ஹோட்டல்ல வாங்கின சாம்பாரை வீட்டுச் சாம்பார் எண்டு உங்கட ஆக்களுக்கு வைப்பீரோ?"

மறுநாள் துப்பாக்கி இல்லாமலே கிளப்புக்குப் போனார். மற்றவர்கள் சுட்டதற்குப் புள்ளி போட்டுக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து கேட்டது ஒன்றே ஒன்று: "பிள்ளை குடிச்சதோ?"

இப்போது நாங்கள் கெல்லிவில்லில் இருக்கிறோம். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். கோப்பை இன்னும் அண்ணையிடம் பிடிபடவில்லை. ஆனால் ஒவ்வோர் ஈஸ்டருக்கும் முன்னால் வென்ட்வேர்த்வில் பார்மசிக்குப் போய் இரண்டு டியூப் வாங்குவது என் வேலை. அதே பெண்தான் இன்னும் இருக்கிறாள்.

"வாவ், புதுப் பேபியா? எப்படி இருக்கிறா?"

"நல்லா இருக்கார்மா," என்கிறேன். "அறுபத்திரண்டு முடிஞ்சுடுச்சு."