ராகு காலத்தில் செத்துப்போன ஊர்

பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பாடத் தெரியாத பெண்ணுக்கு வேறு ஏதாவது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வீணை, கோலம், போனால் போகிறதென்று ஒரு பால் பாயசம். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஊருக்குக் கொள்ளைநோயை வரவழைத்து, அதைக் குணப்படுத்தச் சொல்லி அடுத்தவர்களைத் திண்டாட வைப்பது ஒன்றுதான்.

விளக்கிவிடுகிறேன். அப்போது நான் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் கதை எழுதிக்கொண்டிருந்தேன். சுடுவது, குதிப்பது எல்லாம் கிடையாது. திரையில் கதை வரும். முக்கியமான கட்டத்தில் நின்று, 'இப்போது என்ன செய்வாய்?' என்று கேட்டு இரண்டு பட்டன்களைக் காட்டும். எதை அழுத்துகிறோமோ அந்த வழியில் கதை போகும். நான் எழுதிய முதல் கதையில் பொன்னாறு என்று ஒரு பழங்காலத்து ஊர். அங்கே உறக்கக் காய்ச்சல் பரவுகிறது. கொட்டாவி விட்டுப் படுத்தவர்கள் எழுந்திருப்பதில்லை. விளையாடுகிறவர்தான் ஊர் வைத்தியர். மருந்து கண்டுபிடித்து ஊரைக் காப்பாற்ற வேண்டும். யோசிக்கிறேன் பேர்வழி என்று பட்டனை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தால் ஊரில் ஒவ்வொருவராகச் சாவார்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு மணி 'டங்' என்று அடிக்கும். (மணி என் சொந்த யோசனை. அதற்காக நான் பட்டது போதும்.)

கதையின் உச்சத்தில் ஒரே ஒரு குவளை மருந்து தயாராகிறது. அதை ஊர்க் கிணற்றில் கலந்தால் ஊர் பிழைக்கும். ஆனால் வைத்தியருக்காக மலையேறி மூலிகை பறித்து வந்த உதவியாள் வேலன் செத்துப்போவான். வேலனுக்குக் கொடுத்தால் வேலன் பிழைப்பான், ஊர் போய்விடும். படிக்கிறவர்கள் இந்த இடத்தில் உடைந்து அழுவார்கள் என்று நம்பியிருந்தேன்.

சோதனைக்கு இணையத்தில் விட்டோம். ஒருவர் வைத்தியம் பக்கமே போகாமல் தெருநாயைத் தடவிக்கொண்டு ஊரைச் சுற்றி, ஊர் முழுவதும் செத்த பிறகு, 'நாய் அருமை' என்று எழுதினார். ஒரு அம்மணி, கஷாயத்தில் சுக்கு இல்லை, பின்னே எப்படிக் குணமாகும் என்று சண்டைக்கு வந்தார். கடைசிக் கட்டம் வரை வந்த அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் ஊற்றினார்கள். ஏன் வேலனைக் காப்பாற்றவில்லை என்று கேட்டதற்கு ஒருவர், 'வேலனா? அது யாரு?' என்று பதில் போட்டிருந்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் வேலன் வேறு யாருமில்லை, சுந்தர்.

சுந்தரை நான் ஆபீஸ் பஸ்ஸில் பார்த்தேன். வேறு கம்பெனி, ஒரே வளாகம். கரமனையில் நான் ஏறுவேன், கிழக்கேகோட்டையில் அவன் ஏறுவான். பேச ஆரம்பித்து, பேச்சு எங்கே போகுமோ அங்கே போயிற்று. ஆனால் வெளியே சொல்ல முடியாது. சுந்தரின் அண்ணன் பெங்களூரில் தானே ஒரு பெண்ணைப் பார்த்துத் தாலி கட்டிவிட்டு, பிறகு போட்டோ அனுப்பியவன். அதிலிருந்து அவன் அம்மா லலிதா மாமி ஒரே பிடியாக இருந்தாள்: சின்னவனுக்கு நான்தான் பெண் பார்ப்பேன், அவனே பார்த்து வைத்த பெண் என்று தெரிந்தால் அந்த ஆத்து வாசற்படி மிதிக்க மாட்டேன். அதனால் சுந்தர் ஒரு தரகர் மாமாவைப் பிடித்து, என் ஜாதகம் தற்செயலாகப் போய் மாமி கையில் விழுகிற மாதிரி ஏற்பாடு செய்தான். ஜாதகமும் நல்லபிள்ளையாகப் பொருந்திவிட்டது. இனி நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிற மாதிரி ஒரு மத்தியானம் நடித்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வந்தார்கள். லலிதா மாமி, சாலைக் கடைத்தெருவில் காபிப்பொடிக் கடை வைத்திருக்கும் சுந்தரின் அப்பா விஸ்வநாத மாமா, மாமாவின் அக்கா கோமதி அத்தை, பிறகு யாரென்றே தெரியாத சுந்தர். ஞாயிறு நாலரைக்கு ராகு காலம். அதற்குள் 'சம்மதம்' என்ற வார்த்தை வந்துவிட வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. சொஜ்ஜி, வாழைக்காய் பஜ்ஜி எல்லாம் வேகவேகமாக வந்தது. சுந்தர் என்னைப் பார்த்து, "நீங்க எங்க ஜோலி பாக்கறேள்?" என்று கேட்டான். நடிப்பு பிரமாதம். நானும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

அப்போதுதான் கோமதி அத்தை, குழந்தை ஒரு பாட்டுப் பாடட்டுமே என்றாள். என் குரல் எப்படியென்று எங்கள் தெருவுக்கே தெரியும். அப்பா நீர்ப்பாசன இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த இக்கட்டுக்கும் ஒரு மாற்று ஏற்பாடு வைத்திருப்பவர். "பாட்டெல்லாம் எல்லாரும்தான் பாடறா. இவ கம்ப்யூட்டர்ல ஒரு கதையே எழுதியிருக்கா. நாமெல்லாம் சேர்ந்து விளையாடலாம் கேட்டேளா" என்று சொல்லிக்கொண்டே என் லேப்டாப்பை டிவியில் மாட்டினார். வேண்டாம்பா என்று நான் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். சுந்தருக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு காட்டி அவனை அசத்தலாம் என்று கதையை அவனிடம் நான் காட்டியதே இல்லை.

முதல் கட்டம். ஊர் வாசலில் ஒரு வழிப்போக்கன் மயங்கி விழுகிறான். உள்ளே விடலாமா, கதவைச் சாத்தலாமா? நான் பட்டன்களைக் காட்டினேன். பிள்ளை வீட்டார் இருக்கும்போது நாங்கள் எப்படி முடிவு சொல்வது என்று அப்பா. உங்காத்துக்கு வந்திருக்கோம், நீங்க சொன்னாத்தான் முறை என்று மாமா. இல்லை நீங்கள் சொல்லுங்கோ, சேச்சே நீங்கள் சொல்லுங்கோ என்று இரண்டு பேரும் மரியாதையில் முட்டிக்கொண்டிருக்க, டங் என்று மணி அடித்தது. வழிப்போக்கன் காலி. கோமதி அத்தை எந்தக் கோவில் மணி என்று கேட்காமலே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கடைசி வரை ஒவ்வொரு சாவுக்கும் அப்படியே போட்டுக்கொண்டாள்.

லலிதா மாமிக்குக் கதையிலேயே குறை இருந்தது. "வந்தவன் யாரு, எந்த ஊரு, யாராத்துப் பிள்ளைன்னு கேக்க ஒரு பட்டன் இல்லையே" என்றாள். இத்தனை மாதம் அந்தக் கதையைத் திருத்தியும் அது எனக்குத் தோன்றவில்லை. ஊரை மூடி வைக்கலாமா என்ற கட்டத்தில் அப்பா, உத்தரவில் கையெழுத்துப் போடுவது யார், வைத்தியருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று ஆரம்பித்தார். டங், டங். மலையில் மூலிகை என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். பொன்முடிக்குப் போகிற வழி மாதிரி இருக்கிறதே, விதுராவில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றார். மெனக்கெட்டுத் தேடினார், டீக்கும் பட்டன் இல்லை. அவர் தேடி முடிப்பதற்குள் ஊரில் ஒரு தெரு முழுக்கக் கொட்டாவி விட்டுவிட்டது.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, எல்லாரும் கதைக்குள் போய்விட்டார்கள். இணையத்தில் யாரும் இவ்வளவு ஈடுபாட்டோடு ஒரு ஊரைச் சாகவிட்டதில்லை. எனக்கே நான் எதற்காகப் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது மறந்து, பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். அந்த மிதப்பில்தான் அடுத்து வரப்போகும் பக்கத்தை மறந்துபோனேன்.

திரையில் வேலன் வந்தான். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இலாகாச் சுற்றறிக்கை வாசிக்கிற குரலில் உரக்கப் படித்தார். "வேலன் ஒல்லியாக இருப்பான். பேசுவதற்கு முன் வலது காது மடலை இழுத்துவிட்டுக்கொள்வான். பஜ்ஜியின் மேல்மாவை முதலில் உரித்துத் தின்றுவிட்டு, உள்ளே இருக்கும் வாழைக்காயைக் கடைசியில் தின்பான்."

(பழங்காலத்து ஊரில் பஜ்ஜி ஏது என்று கேட்காதீர்கள். எழுதும்போது மனசில் சுந்தர்தான் இருந்தான், சரித்திரம் இல்லை.)

லலிதா மாமியின் தலை மெதுவாக டிவியிலிருந்து திரும்பி, மகனுடைய தட்டுக்கு வந்தது. தட்டில் உரித்த வாழைக்காய்த் துண்டுகள் நாலு வரிசையாக இருந்தன. சுந்தர் அதைக் கையால் மறைத்தான். மறைத்த பதற்றத்தில் வலது காதை இழுத்துக்கொண்டான். நான் லேப்டாப்பை மூடப் போனேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டு அடுத்த வரியைப் படித்தார். "அவனுக்குத் தும்மல் வந்தால் மூன்றாகத்தான் வரும். மூன்றாவதுக்குப் பிறகு 'சாரமில்லை' என்பான்."

சுந்தருக்குப் புரையேறியது. புரையேறினால் அவனுக்குத் தும்மல் வரும். ஒன்று. இரண்டு. அவன் மூச்சைப் பிடித்துப் பார்த்தான், முகமெல்லாம் சிவந்தது. மூன்று. பிறகு பழக்கதோஷத்தில், நம்ம ஊரில் பரவாயில்லை என்பதற்குச் சொல்கிற அந்த வார்த்தையை அவனே சொல்லிவிட்டான்.

அம்மா சொஜ்ஜிக் கரண்டியோடு அப்படியே நின்றாள். மாமா மட்டும் எதையும் கவனிக்காமல், "ஒரு குவளைதானா மருந்து? கொஞ்சம் சிக்கரி கலந்தா ரெண்டு குவளை ஆகுமே" என்று தொழில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டம் வந்துவிட்டது. கிணறா, வேலனா? அதே நேரம் சுவர்க் கடிகாரம் நாலரை காட்டியது.

"ராகு காலம் வந்துடுத்து" என்றாள் கோமதி அத்தை. யாரும் எதையும் அழுத்தக் கூடாது, மருந்து கொடுக்கிற காரியத்தை ராகு காலத்திலா செய்வார்கள், ஆறு மணி ஆகட்டும் என்று தீர்ப்பாயிற்று. அப்பாவும் மாமாவும் முதல் தடவையாக ஒத்துப்போனார்கள். அம்மா காபி போட உள்ளே போனாள். பொன்னாறு என்ன ஆகும் என்று நான் கேட்டேன். காதில் வாங்க ஆளில்லை. டங். டங். டங். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் லலிதா மாமியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேரின் குட்டும் உடைந்துவிட்டது. இனி மாமி எழுந்து செருப்பைத் தேட வேண்டியதுதான் பாக்கி. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது திரையில் எழுத்து மாறியது. 'வேலன் மூன்று முறை தும்மினான். பிறகு ஒரு கொட்டாவி விட்டான்.'

மாமி எழுந்தாள். செருப்பை நோக்கிப் போகவில்லை. நேராக வந்து என்னை ஒதுக்கிவிட்டு, "இதுல எதை அழுத்தணும்?" என்றாள்.

"ராகு காலம் லலிதா" என்று அத்தை நினைவூட்டினாள். ஊர் முழுக்கப் போய்விடுமே என்று அப்பா பதறினார்.

"ஊரை அந்த ஊர்க்காரா பாத்துப்பா" என்று சொல்லிவிட்டு, நான் காட்டிய பட்டனை மாமி கட்டைவிரலால் அழுத்தினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து ராகு காலத்தில் ஒரு தபால்கூட பிரிக்காத மாமி.

மணி சரமாரியாக அடித்தது. பொன்னாறு மொத்தமாகப் போயிற்று. எல்லாம் அடங்கியதும் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. 'வேலன் கண் திறந்தான்.' அவ்வளவுதான், அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

"அப்புறம்?" என்றாள் மாமி.

"அப்புறம் எழுதலை மாமி."

"ஏன்?"

"யாரும் இந்தப் பட்டனை அழுத்தினதே இல்லை."

மாமி என்னைப் பார்த்தாள். தன் பிள்ளையையும் பார்த்தாள். அவன் காதை இழுத்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் குரலைத் தணித்து, "எத்தனை நாளா?" என்று கேட்டாள். ரெண்டு வருஷம் என்றேன். "பஜ்ஜி விஷயம் எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்னு நினைச்சிண்டிருந்தேன்" என்றாள் மாமி. அவள் குரலில் கோபம் இருந்தது. கூடவே, தனக்கு ஒரு துணை கிடைத்துவிட்ட நிம்மதியும் இருந்தது. எனக்கு அப்போது அழுகை வந்தேவிட்டது.

அம்மா காபியை நீட்டிக்கொண்டே, அப்போ சம்மதம்னு வெச்சுக்கலாமா என்று மெல்லக் கேட்டாள். மாமி திடுக்கிட்டுப் போனாள். "ராகு காலத்துலயா? நன்னாருக்கே. ஆறு மணி ஆகட்டும்."

ஆறு மணி வரை எல்லாரும் செத்துப்போன ஊரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மாமா, சிக்கரி கலந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்று நடுநடுவே சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு அடித்ததும் மாமி சம்மதம் சொன்னாள். அந்த மணிக்கும் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கல்யாணமான பிறகு, வேலன் கண் திறந்ததற்கு அப்புறம் வரும் கதையை எழுதினேன். மாமி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியது. முதல் பக்கத்திலேயே வேலனுக்கு யாரோ நல்ல எண்ணெயில் பஜ்ஜி போட்டுக் கொடுக்கிறார்கள். இணையத்தில் அந்தப் பக்கத்தை இன்னும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லாரும் கிணற்றிலேயே ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போதும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், புதிதாக யாரைப் பார்த்தாலும், மாமி என் தோளில் கைபோட்டு இப்படித்தான் அறிமுகம் செய்து வைக்கிறாள்: "எங்க மாட்டுப்பொண். ஒரு ஊரையே கொன்னுட்டுத்தான் எங்காத்துக்கு வந்தா." கேட்கிறவர்கள் மிரண்டுபோய் என்னைப் பார்ப்பார்கள். பட்டனை அழுத்தியது யார் என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்தில் நிற்கிற சுந்தர்தான் காதை இழுத்துவிட்டுக்கொண்டு, "சாரமில்லை" என்பான்.